இரண்டு கேபிள், ஒரு வகுப்பு: இணைப்புத் திரட்டலைக் கணக்குப் போட்டுக் கற்பிப்போம்

கணினி ஆய்வகத்தில் பாடக் கோப்புகளையும் மாணவர்களின் செய்முறைப் பயிற்சிகளையும் ஒரே இடத்தில் சேமித்து, எல்லாக் கணினிகளிலிருந்தும் திறந்து பயன்படுத்த உதவும் சாதனம் வலையமைப்புச் சேமிப்பகம். சுருக்கமாக நாஸ் என்கிறோம். இதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பல மாதிரிகளில் இரண்டு லேன் போர்ட்கள் இருக்கும். ஒன்றில் கேபிளைச் செருகி சுவிட்சுடன் இணைத்துவிட்டு, மற்றொன்றை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். "இரண்டாவது போர்ட்டிலும் கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?" என்பது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி.

இதற்கு "ஆமாம்" என்று பதில் சொன்னால் அது பாதி உண்மை. "இல்லை" என்றாலும் பாதி உண்மைதான். முழு உண்மையைச் சொல்ல ஒரு பாடவேளை வேண்டும். பதினோராம் வகுப்பு கணினி அறிவியலில் வரும் இரும எண்களும் தருக்க வாயில்களும், பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகளில் வரும் வலையமைப்பும் கேபிள் இணைப்பும் இந்த ஒரே பாடத்தில் சந்திக்கின்றன. மேல்நிலை வகுப்புகளுக்கு நான் இதை நடத்தும் முறையையும், சாதனங்களை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். வீட்டில் கணினி இல்லாத குழந்தைக்கு வாரத்தில் கிடைக்கும் கணினி நேரமே அவ்வளவுதான். கோப்பு திறக்கக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நேரத்திலிருந்துதான் கழிகிறது. எனவே இந்தக் கேள்வியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,

- இணைப்புத் திரட்டல் என்றால் என்ன என்பதைச் சொந்த வாக்கியத்தில் விளக்குவர்.
- ஒரு கணினியின் வேகத்துக்கும் வகுப்பு முழுவதற்குமான கொள்ளளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவர்.
- எக்ஸார் செயலைப் பயன்படுத்தி எந்தக் கணினியின் தரவு எந்தக் கேபிளில் செல்லும் என்று கணிப்பர்.
- ஓர் ஆய்வகத்துக்கு இது தேவையா என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்வர்.

இணைப்புத் திரட்டல் என்றால் என்ன?

இரண்டு சாதனங்களுக்கு இடையே உள்ள ஒன்றுக்கு மேற்பட்ட கேபிள்களை, ஒரே இணைப்பு போல நடந்துகொள்ளச் செய்வதே இணைப்புத் திரட்டல். சேமிப்பகத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவே இரண்டு கேபிள்கள் ஓடும். ஆனால் சேமிப்பகத்துக்கு ஐ.பி. முகவரி ஒன்றுதான். மாணவர் கணினிகளுக்கு அங்கே இரண்டு கேபிள்கள் இருப்பதே தெரியாது.

இதற்கான பொதுத் தரநிலையை ஐ.இ.இ.இ. அமைப்பு 2000ஆம் ஆண்டில் 802.3ஏடி என்ற எண்ணில் வெளியிட்டது. 2008இல் அது 802.1ஏஎக்ஸ் என்ற தனித் தரநிலையாக மாற்றப்பட்டது. ஆனாலும் சாதனங்களின் அமைப்புப் பக்கங்களில் இன்றும் பழைய எண்ணே பெரும்பாலும் காணப்படுகிறது. இரு முனைகளும் ஒன்றோடொன்று பேசி, "இந்தக் கேபிள்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவை" என்று உறுதி செய்துகொள்ளும் நெறிமுறைக்கு எல்.ஏ.சி.பி. என்று பெயர்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது. சைனாலஜி சேமிப்பகத்தில் இது 'பாண்ட்'. கியூநாப் சேமிப்பகத்தில் 'போர்ட் டிரங்கிங்'. சிஸ்கோ சுவிட்சில் 'ஈதர்சேனல்'. வேறு பல சுவிட்சுகளில் 'லாக்'. லினக்ஸில் 'பாண்டிங்'. பொருள் ஒன்றே. ஆனால் சிஸ்கோ சுவிட்சில் 'டிரங்க்' என்ற சொல் வேறொன்றைக் குறிக்கும். அது பல மெய்நிகர் லேன்களை ஒரே கேபிளில் அனுப்பும் முறை. பெயரை மட்டும் பார்த்து அமைத்தால் வழி தவறிவிடும்.

செயல்பாடு 1: இரண்டு கதவும் ஒரு கதையும்

தேவையானவை: 1 முதல் 20 வரை எண்ணிட்ட தாள்கள் இரண்டு தொகுதி, இரண்டு வாசல் உள்ள வகுப்பறை, ஆறு மாணவர்கள்.

வாசல் இரண்டு இல்லாவிட்டால் பெஞ்சு வரிசைகளுக்கு இடையே இரண்டு பாதைகள் போதும். ஒரு மாணவர் வெளியே நின்று ஒரு தொகுதித் தாள்களை எண் வரிசையில் இருவரிடம் மாறி மாறிக் கொடுக்கிறார். ஒற்றைப்படைத் தாள்கள் ஒரு கதவு வழியாகவும் இரட்டைப்படைத் தாள்கள் மற்றொரு கதவு வழியாகவும் உள்ளே வருகின்றன. உள்ளே இருப்பவர் வரும் வரிசையிலேயே தாள்களை அடுக்க வேண்டும். ஒரு பாதை சற்று நீளமாக இருந்தால் போதும், 1, 3, 2, 5, 7, 4 என்று வரிசை குலைந்துவிடும். அடுக்குபவர் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு காணாத எண்ணுக்காகக் காத்திருப்பார்.

அடுத்த சுற்றில் விதியை மாற்றுகிறோம். அனுப்புபவர் இருவர், பெறுபவர் இருவர், சுமப்பவர் இருவர். முதல் அனுப்புநரின் தாள்கள் எல்லாம் ஒரே கதவில். இரண்டாம் அனுப்புநரின் தாள்கள் எல்லாம் மற்றொரு கதவில். வரிசை குலையாது, யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு தொகுதிகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

இணைப்புத் திரட்டல் பின்பற்றுவது இந்த இரண்டாம் விதியை. ஓர் உரையாடலுக்குரிய பாக்கெட்டுகள் அனைத்தும் ஒரே கேபிளில்தான் செல்லும். வரிசை குலையக்கூடாது என்பதுதான் காரணம். எனவே ஒரு மாணவர் ஒரு கோப்பை நகலெடுக்கும்போது அவருக்குக் கிடைப்பது ஒரு கேபிளின் வேகமே. பத்துப் பேர், இருபது பேர் ஒரே நேரத்தில் எடுக்கும்போதுதான் இரண்டாவது கேபிளின் பயன் தெரியும். ஊர்ச்சாலையில் ஒரு தடத்துக்குப் பதிலாக இரண்டு தடம் போட்டால் எந்த மிதிவண்டியும் முன்பைவிட வேகமாக ஓடாது. ஆனால் சந்தை நாளில் நெரிசல் குறையும்.

இவ்விடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ நான் ஒருத்தி மட்டும் லேப்ல இருந்தா ரெண்டாவது கேபிள் சும்மாதானே டீச்சர்?" வேகத்தைப் பொறுத்தவரை சும்மாதான். ஆனால் முதல் கேபிள் கழன்றுவிட்டால் அவள் வேலையைத் தொடர வைப்பது அந்தச் சும்மா இருக்கும் கேபிள். இந்தப் பயனைச் செயல்பாடு 3இல் கண்ணால் பார்க்கலாம்.

செயல்பாடு 2: எந்தக் கேபிள்? எக்ஸார் சொல்லும்

எந்த உரையாடல் எந்தக் கேபிளில் செல்ல வேண்டும் என்பதைச் சாதனம் எப்படித் தீர்மானிக்கிறது? அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் முகவரிகளையும் எடுத்து ஒரு சிறு கணக்குப் போடுகிறது. அக்கணக்கின் அடிப்படைகளில் ஒன்று நாம் பதினோராம் வகுப்பில் நடத்தும் எக்ஸார். "இந்த வாயில் எதற்குப் பயன்படும்?" என்று கேட்கும் மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

உண்மையான சாதனங்கள் மேக் முகவரி, ஐ.பி. முகவரி, போர்ட் எண் ஆகியவற்றில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ சேர்த்துக் கணக்கிடும். வகுப்புக்காக ஐ.பி. முகவரியின் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். சேமிப்பகத்தின் எண் 10 என்றும், மாணவர் கணினிகள் 21 முதல் 40 வரை என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டு கேபிள்கள் இருந்தால் கடைசி ஒரு பிட் போதும். 10 இரட்டை எண். கடைசி பிட் 0. கணினி 21 ஒற்றை எண். கடைசி பிட் 1. 0 எக்ஸார் 1 = 1. ஆகவே கேபிள் 1. கணினி 22இன் கடைசி பிட் 0. 0 எக்ஸார் 0 = 0. ஆகவே கேபிள் 0. இருபது கணினிகளுக்கும் கணக்கிட்டால் ஒவ்வொரு கேபிளுக்கும் 10 கணினிகள் சரிசமமாக அமையும்.

நான்கு கேபிள்கள் என்றால் கடைசி இரண்டு பிட்கள் தேவை. 10இன் இரும வடிவம் 1010. கடைசி இரண்டு பிட்கள் 10. கணினி 21இன் இரும வடிவம் 10101. கடைசி இரண்டு 01. இரண்டையும் எக்ஸார் செய்தால் 11, அதாவது 3. ஆகவே கேபிள் 3. மாணவர்கள் மீதியை நிரப்பட்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் 5 கணினிகள் வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி போடலாம்: இன்று ஒற்றை எண் கணினிகள் பத்தும் பழுது, இரட்டை எண் கணினிகளில் மட்டும் பத்துப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். என்ன நடக்கும்? பத்துப் பேரும் கேபிள் 0இல் நெரிவார்கள்; கேபிள் 1 காலியாகக் கிடக்கும். கேபிளில் எவ்வளவு நெரிசல் என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, முகவரியை மட்டுமே பார்க்கிறது. இரண்டு கேபிள் போட்டும் பயனில்லையே என்று சிலர் வியப்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. சேமிப்பகத்திலிருந்து மாணவருக்குச் செல்லும் தரவுக்குக் கேபிளைத் தேர்வது சேமிப்பகம். மாணவர் தம் கோப்பைச் சேமிக்கும்போது, சுவிட்சிலிருந்து சேமிப்பகத்துக்குச் செல்லும் தரவுக்குக் கேபிளைத் தேர்வது சுவிட்ச். இரண்டும் தத்தம் கணக்கைத் தனித்தனியே போடும். திறக்கும்போது வேகமாகவும் சேமிக்கும்போது மெதுவாகவும் இருந்தால், இரு முனைகளிலும் எந்த முகவரியை வைத்துக் கணக்கிடுமாறு அமைத்துள்ளோம் என்று பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு, பிறகு செலவு

இணைப்புத் திரட்டலுக்கு அந்த வசதியுள்ள சுவிட்ச் வேண்டும். அதை வாங்கக் கேட்பதற்கு முன் நெரிசல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அகன்ற குடத்தின் நீர் குறுகிய கழுத்து வழியாகத்தான் வெளியேறும். கழுத்து எதுவென்று தெரியாமல் வேறெதை அகலப்படுத்தினாலும் பணம்தான் வீண்.

ஒரு கிகாபிட் இணைப்பு நொடிக்கு 1000 மெகாபிட் கடத்தும். 8ஆல் வகுத்தால் 125 மெகாபைட். நெறிமுறைகளுக்கான பங்கு போக, கோப்பு நகலெடுப்பில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம். இனி மூன்று சூழல்களைப் பார்ப்போம்.

சூழல் ஒன்று: 20 மாணவர்கள் ஒரே நேரத்தில் பாடக் காணொலி பார்க்கிறார்கள். ஒரு காணொலிக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்றால் 20 பேருக்கு 100 மெகாபிட். ஒரு கிகாபிட் கேபிளின் பத்தில் ஒரு பங்குதான். காணொலிக்காக மட்டும் இரண்டாவது கேபிள் தேவையில்லை.

சூழல் இரண்டு: 1 கிகாபைட் அளவுள்ள பயிற்சித் தொகுப்பை 20 கணினிகளும் ஒரே நேரத்தில் நகலெடுக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 20,000 மெகாபைட். 110ஆல் வகுத்தால் சுமார் 182 நொடி, அதாவது மூன்று நிமிடம். இரண்டு கேபிள்களில் சரிசமமாகப் பிரிந்தால் ஒன்றரை நிமிடம். இங்கே பயன் உண்டு.

சூழல் மூன்று: அதே பயிற்சித் தொகுப்பு, ஆனால் சுவிட்ச் பழையது, வேகம் 100 மெகாபிட். நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்தான் கிடைக்கும். 20,000ஐ 11ஆல் வகுத்தால் சுமார் 1,818 நொடி. முப்பது நிமிடம்! பாடவேளையே முடிந்துவிடும். இரண்டு கேபிள் போட்டாலும் 15 நிமிடம். இவ்விடத்தில் செய்ய வேண்டியது இணைப்புத் திரட்டல் அன்று. கிகாபிட் சுவிட்சுக்கு மாறுவதுதான்.

கிகாபிட் சுவிட்சே இருந்தும் 100 மெகாபிட் வேகம் காட்டுவதுண்டு. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும். கிரிம்பிங் செய்யும்போது ஒரு கம்பி சரியாக அமராவிட்டால், அது எந்தக் கம்பி என்பதைப் பொறுத்து, இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடக்கூடும். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றனவா என்று பார்ப்பது இதனால்தான். செய்முறையில் மாணவர்கள் கிரிம்பிங் செய்த கேபிள்களை வைத்தே இதைக் காட்டலாம்.

வன்தட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வன்தட்டு ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 மெகாபைட்டும் தாண்டலாம். 20 பேர் 20 வெவ்வேறு கோப்புகளைக் கேட்டால், படிமுனை அங்குமிங்கும் நகர வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறையும். அப்போது கழுத்து வன்தட்டுதான். கேபிளைக் கூட்டிப் பயனில்லை. ஆனால் வகுப்பில் பெரும்பாலும் எல்லோரும் திறப்பது ஒரே கோப்பை. முதலில் ஒருவர் திறந்ததும் கோப்பு சேமிப்பகத்தின் நினைவகத்தில் இடம்பெறும். இடமிருக்கும்வரை மற்றவர்களுக்கு அங்கிருந்தே செல்லும். வன்தட்டுக்கு வேலையில்லை. அத்தகைய நேரத்தில் கழுத்து கேபிளாகிறது. நம் வகுப்பறைக்கு இணைப்புத் திரட்டல் பொருந்தும் இடம் இதுவே.

எந்த முறை நம் பள்ளிக்கு?

சேமிப்பகத்தின் அமைப்புப் பக்கத்தில் பொதுவாகப் பின்வரும் முறைகள் காணப்படும்.

முதன்மை–மாற்று முறை: ஒரு கேபிள் இயங்கும், மற்றது தயாராகக் காத்திருக்கும். வேகம் கூடாது, பாதுகாப்பு கூடும். சாதாரண சுவிட்சே போதும்.

தகவமைச் சுமைப் பகிர்வு: சேமிப்பகமே இரு கேபிள்களுக்கும் கணினிகளைப் பிரித்துக் கொடுக்கும். இதற்கும் சுவிட்சில் எந்த அமைப்பும் வேண்டாம். மேலாண்மை வசதியில்லாத சுவிட்ச் உள்ள பள்ளிகள் இதிலேயே தொடங்கலாம்.

802.3ஏடி முறை: சுவிட்சும் எல்.ஏ.சி.பி.யை அறிந்திருக்க வேண்டும். இரு முனைகளும் பேசிக்கொள்வதால் தவறான கேபிளை இணைத்தால் குழுவில் சேர்க்காது.

நிலையான குழு: இரு முனைகளிலும் கையால் அமைக்கிறோம், பேச்சுவார்த்தை இல்லை. கேபிளைத் தவறான போர்ட்டில் செருகினாலும் எச்சரிக்கை வராது. எல்.ஏ.சி.பி. இருக்கும்போது இதைத் தவிர்ப்பது நல்லது.

அமைக்கும் வரிசை

வகுப்பு நடக்கும் நேரத்தில் செய்ய வேண்டாம், மாலையில் செய்யலாம். இடையில் சேமிப்பகத்தின் இணைப்பு சில நிமிடங்கள் அறுபடலாம்.

1. சேமிப்பகத்தின் தரவுக்கு வேறொரு வன்தட்டில் நகல் இருப்பதை உறுதி செய்க.

2. சேமிப்பகத்தின் ஐ.பி. முகவரி, நுழைவுக் கணக்கு, சுவிட்சின் முகவரி ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்க. சேமிப்பகத்துக்கு மாறாத ஐ.பி. முகவரி தருவது நல்லது.

3. இரண்டு கேபிள்களையும் டெஸ்டரில் சோதிக்க. கேட்-5இ அல்லது அதற்கு மேற்பட்ட வகையாக இருக்கட்டும். இரு இணைப்புகளும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். ஒன்று 1000, மற்றொன்று 100 என்றால் அவை ஒரே குழுவில் சேர்ந்து இயங்கா.

4. சுவிட்சின் இரண்டு போர்ட்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டுக. இரண்டும் ஒரே சுவிட்சில் இருக்க வேண்டும். அமைப்பைச் செய்யும் கணினி மூன்றாவது போர்ட் ஒன்றில் இருக்கட்டும்.

5. சேமிப்பகத்தின் வலையமைப்புப் பக்கத்தில் புதிய பாண்ட் உருவாக்கி, இரண்டு போர்ட்களையும் சேர்த்து, 802.3ஏடி முறையைத் தேர்க. முன்பிருந்த ஐ.பி. முகவரியையே பாண்டுக்குக் கொடுக்க.

6. சுவிட்சின் மேலாண்மைப் பக்கத்தில் இரண்டு போர்ட்களையும் ஒரே குழுவாக்கி எல்.ஏ.சி.பி.யைத் தேர்க. 'ஆக்டிவ்', 'பாசிவ்' என்று இரண்டு நிலைகள் காட்டினால், ஒரு முனையாவது ஆக்டிவாக இருக்க வேண்டும். இரு முனைகளும் பாசிவ் என்றால் யாரும் முதலில் பேசமாட்டார்கள், குழு அமையாது.

7. சுவிட்சில் அமைப்பைச் சேமிக்க. சில சுவிட்சுகளில் 'சேமி' என்று தனியே கொடுக்காவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

8. சேமிப்பகப் பக்கத்தில் பாண்டின் வேகம் 2000 மெகாபிட் என்று காட்டுகிறதா என்று பார்க்க. இது குழுவின் மொத்தக் கொள்ளளவு. ஒரு மாணவரின் வேகம் அன்று என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுக.

ஆய்வகச் சுவிட்ச் ஒன்று, சேமிப்பகம் இணைந்துள்ள சுவிட்ச் வேறொன்று என்றால், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றைக் கேபிள் புதிய கழுத்தாகும். அங்கேயும் குழு அமைக்க வேண்டும். ஆனால் குழு அமைக்காமல் இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிள்களைச் செருகிவிடக் கூடாது. வளைய இணைப்பு உருவாகி, ஒரே தரவு முடிவில்லாமல் சுற்றி, தடுப்பு வசதி இல்லாத சுவிட்சுகளில் வலையமைப்பு முழுவதும் நின்றுபோகும். இரு முனைகளிலும் அமைப்பை முடித்த பிறகே இரண்டாவது கேபிளைச் செருகுவது பாதுகாப்பானது.

செயல்பாடு 3: அளந்து பார்ப்போம்

தேவையானவை: 1 கிகாபைட் அளவுள்ள கோப்பு, கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரம், கரும்பலகையில் ஓர் அட்டவணை.

முதல் அளவீடு: ஒரு கேபிள் மட்டும், ஒரு கணினி நகலெடுக்கிறது. இரண்டாவது: ஒரு கேபிள்; பத்துக் கணினிகள் ஒரே நேரத்தில். மூன்றாவது: இரண்டு கேபிள், ஒரு கணினி. நான்காவது: இரண்டு கேபிள், பத்துக் கணினிகள். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். அளவீட்டுக்கு முன் ஒருமுறை கோப்பைத் திறந்துவிட்டால் அது நினைவகத்தில் இருக்கும். நான்கு சூழல்களும் ஒப்பிடத் தக்கவையாக அமையும்.

அளக்கும் முன் ஒவ்வொரு குழுவும் தன் கணிப்பை எழுதி வைக்கட்டும். முதல் அளவீட்டுக்கும் மூன்றாவதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் இடையேதான் வேறுபாடு தெரியும். அது சரிபாதியாகக் குறையவில்லை என்றால் இன்னும் நல்லது. காரணம் தேடும் வேலை தொடங்கும். எக்ஸார் கணக்குப்படி கணினிகள் சமமாகப் பிரிந்தனவா? மாணவர் கணினியின் வன்தட்டு மெதுவானதா? ஏதேனும் ஒரு கேபிள் 100 மெகாபிட்டில் ஓடுகிறதா?

கடைசியாக, ஒரு கணினி நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே சேமிப்பகத்தின் ஒரு கேபிளை மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியது அந்த உரையாடல் ஓடும் கேபிளாக இருந்தால் நகலெடுப்பு சற்றுத் தயங்கி மீண்டும் ஓடும். வகுப்பே ஆரவாரிக்கும். கேபிள் கழன்றதை மின்னிணைப்பு நின்றதிலிருந்தே சாதனம் உடனே அறிந்துகொள்கிறது. மின்னிணைப்பு இருந்தும் தரவு செல்லாத நுட்பமான பழுதுகளை எல்.ஏ.சி.பி. செய்திகள் காட்டிக்கொடுக்கும். மெதுவான நிலையில் 30 நொடிக்கு ஒருமுறையும் விரைவான நிலையில் நொடிக்கு ஒருமுறையும் செய்தி வரும்; தொடர்ந்து மூன்று செய்திகள் வராவிட்டால் அந்தக் கேபிள் குழுவிலிருந்து நீக்கப்படும்.

இது எதைக் காக்காது?

இரண்டு கேபிள்கள் இருப்பதால் மாணவர்களின் கோப்புகள் பாதுகாப்பாக உள்ளன என்று எண்ணிவிடக் கூடாது. சுவிட்ச் பழுதானால் இரு கேபிள்களும் சேர்ந்தே நிற்கும். வன்தட்டு பழுதானாலோ, யாரேனும் ஒரு கோப்புறையை நீக்கிவிட்டாலோ, மின்தடையால் கோப்பு சிதைந்தாலோ கேபிள் எதுவும் செய்யாது. செய்முறைத் தேர்வுக்கான பயிற்சிகளையும் மாணவர் படைப்புகளையும் வாரம் ஒருமுறையாவது வெளி வன்தட்டில் நகலெடுத்து, அதை ஆய்வகத்துக்கு வெளியே பூட்டி வைப்பது வேறு எந்த அமைப்பாலும் ஈடுசெய்ய முடியாத வேலை.

மதிப்பீடு

1. நான்கு கிகாபிட் கேபிள்கள் கொண்ட குழுவில், கிகாபிட் லேன் உள்ள ஒரு கணினி ஒரு கோப்பை நகலெடுக்கிறது. அதற்குக் கிடைக்கும் உச்ச வேகம் என்ன? (நொடிக்கு 1000 மெகாபிட். ஓர் உரையாடல் ஒரு கேபிளில் மட்டுமே செல்லும்.)

2. சேமிப்பகத்தின் எண் 10. நான்கு கேபிள்கள். கணினி 36 எந்தக் கேபிளைப் பயன்படுத்தும்? (36 = 100100; கடைசி இரண்டு பிட்கள் 00. 10 எக்ஸார் 00 = 10. கேபிள் 2.)

3. 30 மாணவர்கள் தலா நொடிக்கு 5 மெகாபிட் காணொலி பார்க்கிறார்கள். ஒரு கிகாபிட் கேபிள் போதுமா? (போதும். தேவை 150 மெகாபிட்தான்.)

4. குழு அமைத்த பிறகும் ஒரு கேபிள் மட்டுமே குழுவில் இயங்குகிறது. எதையெல்லாம் சரிபார்ப்பாய்? (இரு இணைப்புகளின் வேகம், கிரிம்பிங், சரியான போர்ட், இரு முனைகளிலும் எல்.ஏ.சி.பி. நிலை.)

நான்காவது வினாவுக்கு மாணவர்கள் தரும் விடைகளை நான் மதிப்பெண்ணோடு நிறுத்துவதில்லை. அவற்றைத் தொகுத்து ஒரு தாளில் எழுதி, சுவிட்ச் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கச் சொல்கிறேன். ஆய்வகம் மெதுவானால் முதலில் அத்தாளைப் பார்ப்பவர்களும் அவர்களே. உங்கள் பள்ளிச் சேமிப்பகத்தில் இரண்டாவது போர்ட் காலியாக இருந்தால், கேபிளைத் தேடுவதற்கு முன் மாணவர்களிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். தேவை உண்டு என்று கணக்கு சொன்னால் கேபிளைச் செருகலாம். தேவையில்லை என்று சொன்னாலும் பாடம் நடந்துவிட்டது; பள்ளியின் பணமும் மிச்சம்.